ஒரு விரற்கடை

முப்பது வருடமாக
ஒரு சொட்டு உள்ளே விடாத தளம்,
அதில் போய்த் துளை போடச் சொல்கிறாயே
என்றான் ஐவிந்த்.
அளவெடுத்தேன். மறுபடி அளவெடுத்தேன்.
வட்டம் வரைந்த பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
துளையிடும் கருவியை அவனிடம் நீட்டினேன்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

சரி, நானே.

கண்ணாடியிழைக்கு அடியில் பல்சா மரம்,
ரொட்டி போல மெத்தென்று.
கையகல வானம் எங்கள் படுக்கைமேல் விழுந்தது:
நவம்பர் வானம்,
மதியம் இரண்டு மணிக்கே மை.
வெட்டிய விளிம்பெல்லாம் பிசின் பூசினேன்.
ஈரம் ஒருமுறை நுழைந்துவிட்டால்
தளம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும்,
மேலே நடப்பவனுக்கு
கால் பொதபொதக்கும்வரை தெரியாது.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்பார்களே,
நாங்கள் கட்டியது படகின் வயிற்றில்.
நான்கு போல்ட், ஒரு டீசல் ஹீட்டர்,
துளை வழியே வெளியே தலைநீட்டும் புகைபோக்கி.
சுவரை ஒட்டிச் செப்புத் தகடு;
ஒட்டி அல்ல, ஒரு விரற்கடை தள்ளி.
இடையில் காற்று ஏறினால்தான்
பின்னாலிருக்கும் பலகை கருகாது.
'நம்மைப் போல' என்றான்,
பன்னிரண்டு வருடம்
தனித்தனி வீட்டிலிருந்தபடி காதலித்தவன்.

ட்ரோம்சோ மருத்துவமனையில்
நான் இரவுப் பணிச் செவிலி.
போன குளிர்காலம் ஒரு மீன்பிடிக் குடிலிலிருந்து
அண்ணன் தம்பி இருவரைக் கொண்டுவந்தார்கள்.
கன்னங்களில் நல்ல ரோஜா நிறம்.
யாரும் சொல்வார்கள், விருந்து முடிந்து தூங்குகிறார்கள் என்று.
தம்பி மட்டும் கண் விழித்தான்.
வாசனை கிடையாது அதற்கு, நிறம் கிடையாது,
ஒரு இருமலைக்கூட முன்னால் அனுப்பாது.
தலைவலி என்று நினைப்பாய்,
நேற்றுக் குடித்தது என்று நினைப்பாய்,
அப்புறம் நினைக்க மாட்டாய்.

அதனால் தலையணை உயரத்தில் அலாரம்.
(இந்த விலைக்கு ஒரு பாய்க்கயிறு வாங்கலாம், அவன்.)
அதனால் மேல்கதவு எந்நேரமும்
ஒரு விரற்கடை திறந்து.
'சூடேற்றிவிட்டு ஊருக்கெல்லாம் பங்கு வைப்பதா?'
நெருப்பும் மூச்சு விடுகிறது ஐவிந்த்,
அதன் பங்கைக் கொடுக்காவிட்டால்
நம் பங்கை எடுத்துக்கொள்ளும்.

ஒரு மாலை சுடர் தானாக அவிந்தது.
தீக்குச்சியோடு குனிந்தவனின் மணிக்கட்டைப் பிடித்தேன்.
சூடான கிண்ணத்தில் டீசல் தேங்கியிருக்கிறது,
ஆறட்டும், துடைப்போம், பிறகு.
ஒரு மணி நேரம்
இரண்டு கம்பளிக்குள் இரண்டு கோபம்.

ஜனவரியில் அந்த ராத்திரி, மூன்று மணி.
அலாரம் அலறிய அலறலில்
தட்டுகள் நடுங்கின.
சத்தமே போடாமல் பெய்த ஈரப்பனி
புகைபோக்கியின் தொப்பியை மூடி
கதவின் இடுக்கையும் அடைத்திருந்தது.
வால்வை ஏணிப் பக்கமே வைத்திருந்தேன்,
ஏறும்போதே திருகிவிட்டேன்.
தோளால் முட்டிக் கதவைத் தள்ளினான்.
உள்ளாடையோடு அவன், அவன் ஸ்வெட்டருக்குள் நான்,
முழங்கால் பனியில்.

பக்கத்துப் படகிலிருந்து ஒட்லாவ்
மண்வாரியோடு எட்டிப் பார்த்து
'தேனிலவா?' என்றாள்.

பதில் சொல்லவில்லை.
டார்ச்சை அவன் முகத்தில் அடித்தேன்,
தாடையைப் பிடித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
உதடு நீலம். கன்னம் நீலம்.
பல் கிடுகிடுக்கத் திட்டிக்கொண்டிருந்தான்.
அவ்வளவு அழகான நீலத்தை
எந்தக் கோடையின் கடலிலும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஒன்றும் பேசாமல்
இன்னொரு அலாரம் வாங்கி வந்தான்.
அவன் பக்கச் சுவரில் கோணலாக மாட்டியிருக்கிறான்.

பனி பெய்தால் இப்போது இரவில் இருமுறை எழுகிறவன் அவன்தான்.
தொப்பியைத் தட்டுகிறான்,
இடுக்கில் விரலை விட்டு அளந்து பார்க்கிறான்,
பிறகு அந்தக் குளிர்ந்த விரலைக் கொண்டுவந்து
என் கழுத்தில் வைக்கிறான்.